கரிசலாங்கண்ணி: சாக்கைப் பிரித்துப் பார்த்து வாங்குங்கள்

மளிகைக் கடை வைத்திருக்கும் நம் அங்கத்தினர் பலர் சுக்கு, திப்பிலி, அதிமதுரத்தோடு கரிசலாங்கண்ணியும் விற்கிறார்கள். தலைக்குத் தைலம் காய்ச்ச வாங்குவோர் உண்டு. வடலூர் வள்ளலார் இதை உயர்வாகச் சொன்னதால் தினமும் சேர்த்துக்கொள்வோரும் உண்டு. மஞ்சள் காமாலைக்கென்று கேட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். அவர்களை முதலில் வைத்தியரிடம் அனுப்புவதே நல்லது. எப்படியானாலும் வாயில் போடுகிற சரக்கு இது. வேறு செடி கலந்திருந்தால் பழி கடைக்காரருக்குத்தான் வரும்.

கரிசாலை, கையாந்தகரை, வடநாட்டார் சொல்லும் பிருங்கராஜ் எல்லாம் இதே செடியின் பெயர்கள். சூரியகாந்தி, சாமந்தியின் குடும்பம். ஒரே பூவாகத் தெரிவது உண்மையில் பல சிறு பூக்கள் சேர்ந்த கொத்து. செம்மேடு போன்ற மலையூர்களானாலும் கீழ்நாடானாலும் ஈரமுள்ள வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாக முளைக்கும். இலைகள் எதிரெதிராக, நீண்டு, தடவினால் சொரசொரவென்று இருக்கும். பூ வெள்ளை, சட்டைப் பொத்தானை விடச் சிறியது. பச்சை இலையை விரலில் கசக்கினால் சிறிது நேரத்தில் சாறு கறுத்துவிடும். இந்தச் சாற்றில் துணியை நனைத்து உலர்த்தி, திரியாக எரித்துத்தான் நம் வீடுகளில் கண் மை கூட்டினார்கள்.

மஞ்சள் பூப் பூப்பது வேறு செடி. பொற்றலைக் கையாந்தகரை என்பார்கள். தரையில் படர்ந்து கணுவுக்குக் கணு வேர் விடும். இதிலிருந்து எடுத்த வெடலோலாக்டோன் என்ற பொருளின் அமைப்பை, சென்னை மாநிலக் கல்லூரியில் டி.ஆர். கோவிந்தாச்சாரி குழுவினர் 1956-ல் வெளியிட்டார்கள். வெள்ளையிலும் அந்தப் பொருள் உண்டு. ஆனாலும் இரண்டையும் தனித்தனியாக வாங்கி, தனித்தனியாக எழுதி விற்பதே முறை.

ஏமாற்றம் வருவது மஞ்சளில்தான். பங்களாத் தோட்டங்களிலும் சாலை நடுவிலும் அழகுக்கு நட்டிருக்கும் மஞ்சள் பூக்கொடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதைக் கரிசலாங்கண்ணி என்று கீரைக்கட்டாகவே கொண்டுவருகிறார்கள். அதன் இலை தடித்துப் பளபளக்கும். இரு பக்கமும் காது போலப் பிரிந்து மூன்று மடலாகத் தெரியும். நம் மஞ்சள் கரிசாலையின் இலை குறுகலானது, மடல் பிரியாது. மடல் பிரிந்ததைக் கீரையென்று தொடவே வேண்டாம்.

வெள்ளையில் கலப்பது வெட்டுக்காயப் பூண்டு. காய்ந்த சரக்கில் அதைக் கண்டுபிடிக்க எளிய வழி: முற்றிய பூவை உள்ளங்கையில் உதிர்த்து ஊதுங்கள். விதையோடு பஞ்சு பறந்தால் அது பூண்டு. கரிசலாங்கண்ணி விதைக்குப் பஞ்சு கிடையாது; கறுத்த சிறு மணியாக உதிரும். சந்தேகமென்றால் இலையைத் தண்ணீரில் ஊறவைத்து விரித்து ஓரத்தைப் பாருங்கள். பூண்டின் இலை ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும். இந்தச் சோதனை எதுவும் பொடியில் நடக்காது. எனவே பொடியாக வாங்காதீர்கள். பூவோடு கூடிய முழுச் செடியாக வாங்கி, இங்கே அரைத்துக்கொள்ளுங்கள். அரைப்புக்கூலி பெரிய செலவல்ல.

கொஞ்சம் நிலமும் தண்ணீரும் உள்ளவர்கள் பயிரிடவும் செய்யலாம். விதை மிகப் பொடியானது. ஆழத்தில் புதைத்தால் முளைக்காது. மணலோடு கலந்து ஈரப்பாத்தியில் மேலாகத் தூவி, பூவாளியால் நீர் தெளித்தால் போதும். நாற்று நாலைந்து இலை விட்டதும் ஒரு சாண் இடைவெளியில் நடலாம். மஞ்சளுக்கு விதை தேட வேண்டாம். வேர் விட்ட கணுத்துண்டே போதும். காயவிடாமல் நீர் கட்ட வேண்டும். ஆனால் சாக்கடை நீர் கூடாது. பூச்சிமருந்து அடித்த வயல் வரப்பிலிருந்து பறித்துவரும் செடியையும் வாங்கக் கூடாது.

பூத்திருக்கும்போது அறுத்து, மண் போக அலசி, நிழலில் மெல்லிய பரப்பாக உலர்த்துங்கள். தண்டை ஒடித்தால் படக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அப்படியே சிப்பம் கட்டினால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். நிறம் கறுத்திருப்பது குற்றமல்ல. முகர்ந்து பார்த்துப் பூஞ்சண வாடை அடித்தால் சாக்கோடு திருப்பி அனுப்பிவிடுங்கள்.