மருந்தைத் தருபவர் யார்?

தொம்மலூரில் மருந்துக்கடைக்குப் போகிறீர்கள். மருத்துவர் எழுதிய சீட்டை நீட்டுகிறீர்கள். மாத்திரையை எடுத்துத் தருபவர் யார்? கவனித்ததுண்டா?

அவர் மருந்தாளுநராக இருக்க வேண்டும். அதற்கென்று படித்து, கர்நாடக மாநில மருந்தாளுநர் மன்றத்தில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். 1948-ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம், 42-ஆம் பிரிவில் இதைச் சொல்கிறது.

ஏன் இந்தக் கண்டிப்பு? பல மருந்துகளின் பெயர்கள் ஒன்றுபோல் ஒலிக்கும். 5 மில்லிகிராம் வேறு, 50 மில்லிகிராம் வேறு. மாறினால் உயிருக்கே ஆபத்து.

2014 மார்ச் 1 முதல் விதி மேலும் இறுகியது. காசநோய் மருந்து போன்ற சிலவற்றை விற்றால், மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அதை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கண்டபடி தின்றால் கிருமி மருந்துக்கு அடங்காது.

அடுத்த முறை, “மருந்தாளுநர் இருக்கிறாரா?” என்று கேளுங்கள். கேட்க வெட்கம் வேண்டாம்.