ஹைலைட் வீடியோ பார்த்து கூடைப்பந்து வீரரை எடை போடுவது எப்படி?

அமெரிக்காவில் கல்லூரி அணிகளுக்கிடையே நடக்கும் கூடைப்பந்துப் போட்டிகளுக்குப் பெரும் ரசிகர் கூட்டம் உண்டு. என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவில் மட்டும் 350க்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஆடுகின்றன. அடுத்த சீசனில் எந்தப் பள்ளி மாணவர் தங்கள் அணிக்கு வருகிறார் என்று தெரிந்தவுடன், ரசிகர்கள் யுடியூப் தளத்தில் அவர் பெயரைத் தேடுகின்றனர். மூன்று நிமிட ஹைலைட் வீடியோ கிடைக்கிறது. அதில் எறிந்த பந்தெல்லாம் கூடைக்குள் விழுகிறது!

இதை எந்த அளவுக்கு நம்பலாம்? இரண்டு உதாரணங்களைப் பார்ப்போம். செவன்த் உட்ஸ் என்ற சிறுவரின் வீடியோ 2013ல் வெளியானது. 14 வயதில் அவர் எகிறிக் குதித்ததை லட்சக்கணக்கானோர் பார்த்தனர். 2016ல் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். காயமும் குறுக்கிட, அங்கு மூன்று சீசன்களில் பெரும்பாலும் மாற்று வீரராகவே ஆடினார். சயன் வில்லியம்சன் சிறிய பள்ளி ஒன்றில் ஆடியவர். தன்னைவிடக் குள்ளமானவர்கள் தலைக்கு மேல் பந்தைத் திணிக்கும் காட்சிகளே அவர் வீடியோக்களில் அதிகம். ஆனால் 2018-19ல் டியூக் பல்கலைக்கழகத்துக்காக ஆடி, ஆட்டத்துக்குச் சராசரியாக 22.6 புள்ளிகள் எடுத்தார். நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் என்ற விருதும் பெற்றார்.

ஏறத்தாழ ஒரே மாதிரி வீடியோ, முடிவுகள் வேறு. வீடியோவில் இருப்பதை மட்டும் பார்த்தால் போதாது. இல்லாதது என்ன என்றும் பார்க்க வேண்டும். ஓர் அணியில் இருப்பது சுமார் 15 இடங்கள்தான். ஓர் இடம் என்பது ஒரு மாணவரின் கல்லூரிச் செலவு முழுவதையும் ஏற்கும் உதவித்தொகையாக இருக்கலாம். எனவே நிதானமாகப் பார்ப்பது நல்லது.

தெரிந்துகொள்ள வேண்டிய கீகள்

யுடியூப்பில் வீடியோ ஓடும்போது 'கே' கீயை அழுத்தினால் நிற்கும். 'ஜே' கீ 10 விநாடி பின்னால் கொண்டு செல்லும். 'எல்' கீ 10 விநாடி முன்னால் தள்ளும். வீடியோவை நிறுத்தியபின் புள்ளி கீயைத் தட்டினால் ஒரு பிரேம் முன்னேறும். கமா கீயைத் தட்டினால் ஒரு பிரேம் பின்வாங்கும். பல்சக்கர ஐகானில் கிளிக் செய்து, பிளேபேக் ஸ்பீடில் 0.5 அல்லது 0.25 தேர்ந்தெடுத்தால் வேகம் குறையும்.

மூன்று முறை பாருங்கள்

1. முதல் முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பாட்டும் கூச்சலும் சாதாரண ஆட்டத்தையும் பெரிதாகக் காட்டும். வீரரின் சட்டை நிறம், எதிரணி, அரங்கம் ஆகியவற்றைக் கவனியுங்கள். மொத்தமே இரண்டு ஆட்டங்களின் காட்சிகள் என்றால், அது அவருடைய இரண்டு நல்ல நாட்கள் மட்டுமே.

2. இரண்டாம் முறை மெதுவாக ஓட்டுங்கள். கூடையின் வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கும். அதையே அளவுகோலாகக் கொண்டு எதிராளிகளின் உயரத்தை ஊகிக்கலாம். பந்து கைக்கு வந்தது முதல் கையை விட்டுப் போவது வரை எத்தனை பிரேம் என்று எண்ணுங்கள். பல வீடியோக்களில் விநாடிக்கு 30 பிரேம். எனவே 30 பிரேம் ஆனால் ஒரு விநாடி. கல்லூரியில் தடுப்பவர் வேகமாக நெருங்குவார்; அவ்வளவு நேரம் கிடைக்காது. ஏற்கனவே ஸ்லோ மோஷனில் காட்டும் பகுதியை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

3. மூன்றாம் முறை எக்ஸெல் திறந்து ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரிசை போடுங்கள். வலது கையா, இடது கையா? எதிரே தடுக்க ஆள் இருந்தாரா, தனியாக ஓடிப் போட்டாரா? தூரத்திலிருந்து எறிந்ததா? 30 காட்சிகளில் இடது கை இரண்டே முறைதான் வருகிறது என்றால், எதிரணிப் பயிற்சியாளரும் அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

மூன்று புள்ளிக் கோட்டையும் கவனியுங்கள். பள்ளிகளில் அது 19 அடி 9 அங்குல தூரத்தில் இருக்கிறது. ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் 2019-20 முதல் 22 அடி 1¾ அங்குலம். கோட்டை மிதிக்காத குறையாக நின்று எறிபவர் கல்லூரியில் இரண்டடிக்கு மேல் பின்னால் போக வேண்டும்.

அடுத்து முழு ஆட்டம்

ஹைலைட் வீடியோவில் தவறவிட்ட பந்து இருக்காது. தடுப்பாட்டம் அதிகம் இருக்காது. பந்து கையில் இல்லாதபோது வீரர் ஓடுகிறாரா, நிற்கிறாரா என்பதும் தெரியாது. எனவே அதே வீரரின் முழு ஆட்டம் ஒன்றைத் தேடிப் பாருங்கள். பந்தை விட்டுவிட்டு, பத்து நிமிடம் அவரை மட்டுமே கவனியுங்கள். பந்தைப் பறிகொடுத்த பிறகு திரும்பி ஓடி வருகிறாரா என்று பாருங்கள். பிறகு அவருடைய ஃப்ரீ த்ரோ சதவீதத்தையும் தேடுங்கள். யாரும் தடுக்காத அந்த எறிதலில் கைத்திறன் தெளிவாகத் தெரியும்.

இவ்வளவும் செய்து நீங்கள் எழுதிய குறிப்பை ஒரு பைலாக சேவ் செய்து வையுங்கள். ஒரு சீசன் முடிந்தபின் திறந்து பார்த்தால், உங்கள் கணிப்பு எங்கே சரி, எங்கே தவறு என்று தெரியும். அடுத்த வீரரைப் பார்க்கும்போது அது கைகொடுக்கும்.