தீயிலும் கருகாத ஒரு குடும்பத் தொழில்



துவைத்த துணிகளைக் கொடியில் காயப்போடும்போது நீங்கள் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடிப்பதுண்டல்லவா? சாரனும் சேர்ட்டும் முன்வரிசையில் தொங்கும். உள்ளாடைகளோ பின்வரிசையில், ஒரு பெரிய துணியின் மறைவில் காயும். நாணம் கற்றுத்தந்த நல்ல பழக்கம் இது. ஆனால், மறைவில் காயும் அந்தச் சிறு துணிக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு உண்டு என்பதை எப்போதாவது நினைத்துப் பார்த்திருக்கின்றீர்களா?

அந்த வரலாற்றில் ஒரு முதியவரின் இரக்கம் இருக்கின்றது. இரண்டு சகோதரர்களின் கோர மரணம் இருக்கின்றது. தந்தை விட்டுச்சென்ற பொறுப்பைத் தோளில் ஏற்ற ஒரு மகளும் இருக்கின்றாள். கடைகளில் 'ஜொக்கி' என்ற பெயர் பொறித்த பெட்டிகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். அந்தக் கம்பனியின் கதையையே இம்முறை உங்களுக்குச் சொல்லப்போகின்றேன். கூச்சப்படாமல் வாசியுங்கள். பெண்மக்கள் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு.

மரம் வெட்டுவோரின் கால்கள்

1876ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மரத்தொழில் கொடிகட்டிப் பறந்த காலம். குளிர்காலம் வந்தால் தொழிலாளர்கள் காட்டுக்குள் போய்விடுவார்கள். நாள் முழுவதும் பனியில் நின்று மரம் வெட்டுவார்கள். சப்பாத்தும் ஈரம், காலுறையும் ஈரம். அக்காலத்து மலிவான காலுறைகள் எதனால் செய்யப்பட்டன தெரியுமா? பழைய கம்பளிக் கந்தல்களைக் கிழித்துப் பிரித்து, மீண்டும் நூலாகத் திரித்த மட்டமான கம்பளியால். அது காலை உரசிக் கொப்புளமாக்கும். கொப்புளம் உடைந்து புண்ணாகும். புண்ணில் கிருமி சேரும். காலில் புண் வந்த தொழிலாளிக்கு அன்றைய கூலி ஏது?

சாமுவேல் கூப்பர் என்பவர் ஓய்வுபெற்ற கிறிஸ்தவ மதபோதகர். இம்மக்களின் வேதனையைக் கண்டு, நல்ல காலுறை பின்னிக் கொடுப்போம் என்று அவர் தீர்மானித்தார். மிச்சிகன் ஏரியின் கரையிலுள்ள சென் ஜோசப் என்ற ஊரில் தம் புதல்வர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு சிறிய தொழிலகத்தைத் தொடங்கினார். 'எஸ்.டி. கூப்பர் அன்ட் சன்ஸ்' என்பது அதன் பெயர். இன்று உலகெங்கும் அறியப்பட்ட ஓர் உள்ளாடைக் கம்பனியின் தொடக்கம், புண்பட்ட கால்களுக்கான காலுறைதான்!

ஒரே நாளில் இரு சகோதரர்கள்

காலப்போக்கில் தொழில் வளர்ந்தது. ஏரியின் மறுகரையில், விஸ்கொன்சின் மாநிலத்தின் கெனோஷா நகரம் அதன் இருப்பிடமாயிற்று. காலுறையோடு உள்ளாடையும் பின்னத் தொடங்கினார்கள். சார்ள்ஸ், வில்லிஸ், ஹென்றி என்ற சகோதரர்கள் தொழிலை நடத்தினார்கள்.

அப்போதுதான் அந்த நாள் வந்தது. 1903 டிசம்பர் 30. சிக்காகோ நகரில் 'இரொக்குவா' என்ற புதிய நாடக அரங்கு திறக்கப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. 'முற்றிலும் தீப்பிடிக்காத கட்டடம்' என்று அதனை விளம்பரப்படுத்தியிருந்தார்கள். விடுமுறைக் காலமாதலால் அன்று பிற்பகல் காட்சிக்குப் பெண்களும் சிறுவர்களும் நிறைந்திருந்தனர். மேடை விளக்கொன்றிலிருந்து பறந்த பொறி திரையைப் பற்றிக்கொண்டது. மக்கள் வாசல்களை நோக்கி ஓடினார்கள். சில கதவுகள் பூட்டப்பட்டிருந்தன. சில கதவுகள் திரைச்சீலைகளின் பின்னால் மறைந்திருந்தன. அறுநூறுக்கும் அதிகமானோர் அன்று உயிரிழந்தனர். அவர்களில் சார்ள்ஸ் கூப்பரும் வில்லிஸ் கூப்பரும் அடங்குவர்.

சற்று எண்ணிப் பாருங்கள், சகோதரிகளே! ஒரு குடும்பத்தின் இரண்டு தூண்கள் ஒரே பிற்பகலில் சாய்ந்துவிட்டன. எஞ்சியவர் ஹென்றி. தொழிலை விற்றுவிட்டு ஒதுங்கியிருந்தால் அவரை யாரும் குறைகூறியிருக்க முடியாது. அவர் அப்படிச் செய்யவில்லை. பொறுப்பை ஏற்றுக்கொண்டார், தொழிற்சாலை தொடர்ந்து இயங்கியது.

அணிபவரின் சிரமம் அறிந்தவர்கள்

அக்காலத்து உள்ளாடை எப்படியிருந்தது என்று அறிந்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துணி! முன்னால் நெடுகப் பொத்தான்கள். பின்னால் திறந்து மூடுவதற்கு ஒரு தனி மடிப்பு, அதற்கும் பொத்தான்கள். ஒவ்வொரு முறையும் அவற்றைக் கழற்றிப் பூட்டுவது பெரும் தொல்லை. துவைக்கும்போது அறுந்துபோன பொத்தான்களைத் தைத்தவர்கள் யார் என்று நான் சொல்லத்தான் வேண்டுமா?

இச்சிரமத்தை நீக்க ஹொரேஸ் கிரீலி ஜோன்சன் என்பவர் ஒரு வழி கண்டார். இரு துணிகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் படியவைத்து, அவ்விடத்தில் பொத்தானே இல்லாமல் செய்துவிட்டார். 1910இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. கூப்பர் கம்பனி அதனைத் தயாரித்தது. மறுவருடம், அன்று புகழ்பெற்றிருந்த ஓவியர் லெயன்டெக்கரைக் கொண்டு படம் வரைவித்துப் பத்திரிகையில் விளம்பரமும் செய்தது.

அடுத்த மாற்றம் ஒரு தபாலட்டையில் வந்தது. 1934இல் கம்பனியின் அதிகாரி ஆர்தர் நைப்ளருக்குப் பிரான்ஸ் நாட்டுக் கடற்கரையிலிருந்து ஒரு நண்பர் தபாலட்டை அனுப்பினார். அதில் இருந்தவர் அணிந்திருந்த சிறிய நீச்சல் உடையைக் கண்டதும், உள்ளாடையையும் இவ்வாறு கட்டையாகவும் உடலைத் தாங்குவதாகவும் அமைத்தால் என்ன என்று நைப்ளர் சிந்தித்தார். அதுவே 'ஜொக்கி' ஆயிற்று.

1935 ஜனவரி 19. சிக்காகோவின் மார்ஷல் ஃபீல்ட் என்ற பெரிய கடையின் கண்ணாடி முகப்பில் அது வைக்கப்பட்டது. அன்று பார்த்துக் கடும் பனிப்புயல்! இந்தக் குளிரில் இவ்வளவு கட்டையான உடையை யார் வாங்குவார் என்று கடை நிர்வாகத்தினர் அதை அகற்றச் சொன்னார்கள். அகற்றுவதற்குள் நண்பகலாகிவிட்டது. அதற்குள்ளேயே 600 பொதிகள் விற்றுத் தீர்ந்தன. மூன்று மாதங்களில் விற்பனை 30,000ஐத் தொட்டது.

மகளின் கைக்கு வந்த பொறுப்பு

பின்னர் கம்பனி கூப்பர் குடும்பத்திடமிருந்து வுல்ஃப் குடும்பத்தின் கைக்கு வந்தது. குடும்பம் மாறினாலும் குடும்பத் தொழில் என்ற தன்மை மாறவில்லை. 1978இல் ஹாரி வுல்ஃப் இறந்தார். தலைமை ஆசனத்தில் அமர்ந்தவர் அவருடைய மகள் டொனா. ஆண்களின் உள்ளாடைக்கென்றே பெயர்பெற்ற ஒரு நிறுவனத்துக்கு ஒரு பெண் தலைவியானார்.

அதுவரை அக்கடைகளுக்கு வந்த பெண்களில் பலர் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் வாங்கிச் சென்றவர்களே. அவர்களுக்கென ஒன்றும் இருக்கவில்லை. 1982இல் பெண்களுக்கான உள்ளாடைகளை ஜொக்கி அறிமுகப்படுத்தியது. பார்வைக்கு அழகாயிருந்தால் போதும் என்ற எண்ணம் மலிந்திருந்த சந்தையில், வியர்வையை உறிஞ்சும் பருத்தியையும் உடலை இறுக்காத தையலையும் முன்வைத்தார்கள். பெண்கள் அதனை ஆவலோடு வரவேற்றார்கள். நூற்றாண்டுக்கு முன் மரம் வெட்டுவோரின் கால்களைப் பார்த்த அதே பார்வை, இப்போது பெண்களின் சிரமத்தையும் பார்த்தது எனலாம்.

2000இல் டொனா காலமானார். அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் மகள் டெப்ரா. டெப்ரா, டொனா பெற்றெடுத்த பிள்ளையல்ல. சிசுவாகத் தத்தெடுத்து வளர்த்த பிள்ளை! தமக்குக் கிடைத்த குடும்பத்தை டெப்ரா மறக்கவில்லை. தத்தெடுத்த பிள்ளைகளும் அவர்களை ஏற்ற பெற்றோரும் இடையில் பிரிந்துவிடாமல் வாழ உதவுவதற்காக, 2005இல் கம்பனியின் சார்பில் ஒரு தொண்டுத் திட்டத்தைத் தொடங்கினார். புதிய வீட்டுக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு தோள்பை, ஒரு போர்வை, ஒரு கரடிப் பொம்மை கொடுத்தனுப்புவதும் அதில் ஒன்று.

நம் வீட்டுக்கு என்ன செய்தி?

இந்தப் பெயர் நம் பிராந்தியத்துக்கு வந்ததும் ஒரு குடும்பத்தின் வழியாகவே. பிலிப்பைன்ஸில் ஜொக்கி உடைகளைத் தயாரித்து வந்த ஜெனோமல் சகோதரர்கள், பெங்களூரில் பேஜ் இன்டஸ்ட்ரீஸ் என்ற கம்பனியை நிறுவினார்கள். 1995 முதல் இந்தியாவில் விற்பனை நடைபெற்றது. இலங்கைக்கான உரிமையும் பின்னர் அக்கம்பனியிடமே சேர்ந்தது. உலகின் பெரிய பெயர்கள் பலவற்றுக்கு உள்ளாடை தைத்து அனுப்பும் நாடு நம்முடையது என்பதும், தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்போரில் பெரும்பாலானோர் நம் நாட்டுப் பெண்மக்களே என்பதும் நீங்கள் அறிந்ததே.

இனி, ஓர் ஆசிரியனாக நான் கண்டதைச் சொல்கின்றேன். மாணவர்களின் வீடுகளில் வாப்பா திடீரென மௌத்தாகிவிட்டால், கடைச் சாவி மட்டும் உம்மாவின் கைக்கு வருகின்றது. யார் எவ்வளவு தரவேண்டும், யாருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. மூத்த மகளுக்கும் தெரியாது. இரண்டு தலைமுறை வியர்வை சிந்தி வளர்த்த கடை ஆறு மாதத்தில் பூட்டப்படுகின்றது. பின் அந்தக் குடும்பம் உறவினரின் வாசலில் நிற்கின்றது. இவ்வாறு பூட்டிய கடைகள் எத்தனையை நாம் கண்டுவிட்டோம்!

ஹென்றி சகோதரர்களோடு தொழிலில் நின்றவர். அதனால்தான் அவர்களை இழந்தபோதும் அவரால் தொழிலைத் தாங்க முடிந்தது. தொழில் என்பது ஓர் அமானிதம். அமானிதத்தை ஒருவர் மட்டும் தலையில் வைத்துக்கொண்டு போய்விடக் கூடாது.

ஆகவே சகோதரிகளே, இன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் உங்கள் கணவரிடம், அல்லது வாப்பாவிடம், அன்பாகக் கேளுங்கள்: "கணக்குக் கொப்பியை எனக்கும் ஒருமுறை காட்டுங்களேன்." உங்கள் மகளையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.