பட்டு நூல், வார்னிஷ், நிறைய பொறுமை... பழைய மூங்கில் தூண்டிலுக்கு மறுவாழ்வு!

இங்கிலாந்தில் பழைய வீடுகளைக் காலி செய்யும்போது, பரணிலிருந்து சில சமயம் நீளமான துணிப்பை ஒன்று கீழே இறங்கும். நாடாவை அவிழ்த்தால் உள்ளே இரண்டு மூன்று துண்டுகளாகத் தேன் நிறத்தில் ஒரு தூண்டில் கோல். வார்னிஷ் உரிந்திருக்கும். நூல் பிரிந்து தொங்கும். நுனி லேசாக வளைந்திருக்கும். தாத்தா காலத்துப் பொருள். எறியவும் மனசு வராது, எடுத்துப் பயன்படுத்தவும் பயம்.

அந்தக் கோலை மீண்டும் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோக முடியும். ஆனால், அவசரப்பட்டு உப்புத்தாளைக் கையில் எடுத்தால் அரை மணி நேரத்தில் அதன் கதையையே முடித்துவிடவும் முடியும்.

பிரம்பு அல்ல, மூங்கில்!

இந்தக் கோல்களை 'ஸ்பிளிட் கேன்' என்கிறார்கள். 'கேன்' என்றதும் பிரம்பு என்று நினைத்துவிட வேண்டாம். இது மூங்கில். ஒரே மூங்கிலை அப்படியே வெட்டியதும் அல்ல. மூங்கிலைப் பிளந்து, முக்கோண வடிவில் ஆறு மெல்லிய பட்டைகளாகச் சீவி, அவற்றை ஒட்டி அறுகோணக் கோலாக்குகிறார்கள். அடியிலிருந்து நுனி வரை சீராக மெலிந்துகொண்டே போக வேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு கூடினாலும் குறைந்தாலும் கோல் வளையும் விதமே மாறிவிடும்.

ஆரம்பத்தில் இதற்குப் பயன்பட்டது நம் நாட்டிலிருந்து கப்பலேறிய 'கல்கத்தா கேன்'. பிறகு அந்த இடத்தைத் தென் சீனாவில் விளையும் 'டோங்கின்' மூங்கில் பிடித்தது. அதன் நார்கள் அடர்த்தியானவை. எவ்வளவு வளைத்தாலும் விட்டவுடன் நிமிர்ந்துகொள்ளும்.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிற்றூர். எழுதுவது 'ஆல்ன்விக்', சொல்வது 'ஆனிக்'. 'ஹாரி பாட்டர்' முதல் இரண்டு படங்களில் வரும் கோட்டை இருக்கும் அதே ஊர்தான். 1872-ல் இங்கே தொடங்கிய ஹார்டி சகோதரர்களின் நிறுவனம், 'பலகோனா' என்ற பெயரில் விற்ற மூங்கில் கோல்கள் உலகப் புகழ் பெற்றவை. 1952 செப்டம்பரில் ரிச்சர்ட் வாக்கர் என்பவர் ரெட்மயர் குளத்தில் 44 பவுண்டு, அதாவது சுமார் 20 கிலோ எடையுள்ள கெண்டை மீனைப் பிடித்து பிரிட்டிஷ் சாதனை படைத்தார். அவர் கையில் இருந்தது அவரே செய்த மூங்கில் கோல்!

ஆனால், அதற்குள் காலம் மாறத் தொடங்கியிருந்தது. 1950-ல் அமெரிக்கா சீனாவுடனான வர்த்தகத்துக்குத் தடை விதிக்க, அங்கே டோங்கின் மூங்கில் வரத்து நின்றது. விலை குறைந்த ஃபைபர் கிளாஸ் கோல்கள் சந்தையைப் பிடித்தன. 1970-களில் கார்பன் ஃபைபர் வந்தது. மூங்கில் கோல்கள் பரணுக்குப் போயின.

முதலில் பார்க்க வேண்டும்

மீட்டெடுக்கும் வேலையில் முதல் கருவி, கேமரா. எந்த வளையம் எங்கே இருந்தது, ஒன்றுக்கொன்று எவ்வளவு இடைவெளி, நூல் எத்தனை சுற்று... எல்லாவற்றையும் படமெடுத்து, அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். பிரித்த பிறகு யோசித்தால் நினைவுக்கு வராது.

அடுத்து, ஒவ்வொரு துண்டையும் மெல்ல வளைத்துப் பார்ப்பது. 'கிளிக்' என்று சத்தம் கேட்டால், உள்ளே பட்டைகள் பசைவிட்டுப் பிரிந்திருக்கின்றன என்று அர்த்தம். பழைய கோல்களில் ஒட்டப் பயன்பட்டது விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய வஜ்ஜிரம். ஈரமும் சூடும் அதற்கு ஆகாது. பிரிந்த இடத்தில் புதுப் பசையைச் செலுத்தி, நூலால் இறுகச் சுற்றி, நேராக வைத்துக் காயவிட வேண்டும்.

துண்டுகளை இணைக்கும் உலோகப் பூண்கள் இறுக்கமாக இருந்தால் பலரும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். அத்துடன் பூண் ஆட்டம் கண்டுவிடும். பெரும்பாலும் காரணம் அழுக்குதான். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தாலே போதும்.

சுரண்டலாம், தேய்க்கக் கூடாது

பழைய வார்னிஷைக் கூர்மையில்லாத கத்தி முனையால் மெல்லச் சுரண்டி எடுக்க வேண்டும். மூங்கிலின் வலுவெல்லாம் வெளித்தோலுக்குச் சற்றுக் கீழே இருக்கும் நார்களில்தான். உப்புத்தாளால் அழுத்தித் தேய்த்தால் போவது வார்னிஷ் மட்டுமல்ல, கோலின் உயிரும்தான்.

வளைந்த நுனியை ஸ்பிரிட் விளக்கின் மேல் தள்ளிப் பிடித்து, சுழற்றியபடி இதமாகச் சூடேற்றி, எதிர்த்திசையில் வளைத்து ஆறும் வரை பிடித்திருந்தால் நிமிரும். சூடு அதிகமானால் மூங்கில் கருகும், பசையும் இளகும்.

பிறகு பட்டு நூல். வளையங்களைக் கோலோடு கட்டி வைப்பது இதுதான். முதலில் என்ன நிறம் என்று தெரியவில்லையா? பழைய சுற்று ஒன்றைப் பிரித்து அடிப்பக்கம் பார்த்தால், வெயில் படாத இடத்தில் அசல் நிறம் மிச்சமிருக்கும். வார்னிஷ் பட்டதும் பட்டு நூல் கண்ணாடிபோல் ஆகி, நிறம் மங்கிவிடும் என்பதால் முதலில் ஒரு குச்சியில் சுற்றிச் சோதித்துப் பார்ப்பது நல்லது. வளையங்களில் அகேட் கல் பதித்திருந்தால் விரிசல் உண்டா என்றும் பார்க்க வேண்டும். விரிசல் கண்ட கல், நரம்பை அறுத்துவிடும்.

கடைசியாக வார்னிஷ். கனமாக ஒரு பூச்சைவிட மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சுகள் மேல். தூசியில்லாத அறையில், ஒவ்வொரு பூச்சும் நன்கு காய்ந்த பிறகே அடுத்தது.

எதை விட்டுவைப்பது?

இந்த வேலையில் சிரமமான கேள்வி இதுதான். பழைய கோல்களின் அடிப்பகுதியில் தயாரித்தவர் பெயர் மையால் எழுதப்பட்டிருக்கும். சிலவற்றில் உரிமையாளர் பெயரும் இருக்கும். வார்னிஷைச் சுரண்டும்போது அதுவும் போய்விட்டால், திரும்ப எழுதினாலும் அது அசல் ஆகாது. சேகரிப்பாளர்கள் மத்தியில் மதிப்பும் சரிந்துவிடும். அதனால் எழுத்துள்ள இடத்தைத் தொடாமல், அதன்மேலேயே மெல்லிய வார்னிஷ் பூசுகிறார்கள் அனுபவசாலிகள்.

கார்க் கைப்பிடியும் அப்படித்தான். சோப்புத் தண்ணீர் தொட்டு அழுக்கை எடுக்கலாம். பள்ளங்களைக் கார்க் தூளும் பசையும் கலந்து நிரப்பலாம். ஆனால், பல வருடங்கள் பிடித்துப் பிடித்துப் பெருவிரல் பட்டுத் தேய்ந்த இடத்தைப் புதிதாக்கத்தான் வேண்டுமா என்பதை அந்தக் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும். அபூர்வமான கோல் என்றால், கை வைப்பதற்கு முன் விவரம் தெரிந்த கைவினைஞரிடம் காட்டிவிடுவது உத்தமம்.

நம்ம ஊரிலும் இருக்கலாம்!

நீலகிரியின் அவலாஞ்சியில் 1907-லேயே டிரவுட் மீன் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. வெள்ளைக்காரர்களின் தூண்டில் பொழுதுபோக்குக்காகவே வளர்க்கப்பட்ட மீன் அது. மலைப்பகுதி வீடுகளில் பழைய துணிப்பை ஏதேனும் கண்ணில் பட்டால், குச்சி என்று அடுப்பில் வைத்துவிடாதீர்கள்.

பாதுகாக்க...

* துண்டுகளைப் பிரிக்கும்போது முறுக்காமல் நேராக இழுக்கவும்.
* ஆற்றிலிருந்து வந்ததும் துடைத்து, நன்கு உலர்ந்த பிறகே பையில் போடவும்.
* சுவரில் சாய்த்து வைத்தால் நிரந்தரமாக வளைந்துவிடும். பையோடு நேராகத் தொங்கவிடவும்.
* வெயில் படும் காருக்குள் விட்டுச் செல்ல வேண்டாம்.