யார் சொன்னார் என்பது எப்போது முக்கியம்?

"அவர் மருந்துக் கடைக்காரர், அப்படித்தான் சொல்வார்." நம் கூட்டங்களில் இப்படி ஒருவர் சொன்னதும் பேச்சு முடிந்துவிடுகிறது. அங்கே முடியக் கூடாது.

எண்டோசல்பானை எடுத்துக்குவோம். கேரளத்தின் காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் 2000 வரை ஹெலிகாப்டரில் தெளித்த மருந்து. தடை கேட்டபோது, "ஐரோப்பியக் கம்பெனிகள் தங்கள் விலை கூடின மருந்தை விற்கத்தான் இதைக் கிளப்புகின்றன" என்றது உற்பத்தியாளர் தரப்பு. அப்படியே இருக்கட்டும். அதனால் மருந்தின் நஞ்சு குறைந்துவிடுமா? அதை மண், தண்ணீர், மனித உடல் பற்றிய ஆய்வுதான் சொல்ல முடியும். 2011இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் அது சேர்ந்தது. அதே ஆண்டு நம் உச்ச நீதிமன்றமும் தடை விதித்தது.

அப்போ நோக்கத்தை எங்கே பார்க்கணும்? நம்மால் சரிபார்க்க முடியாமல், சொல்பவர் வாய்வார்த்தையை மட்டுமே நம்ப வேண்டிய இடத்தில். நான் வேலை பார்த்த வங்கியில், பணம் தேவைப்படுகிறவர் என்பதற்காக யாருடைய கடன் மனுவையும் தள்ள மாட்டோம். அவர் தரும் வரவு செலவுக் கணக்கை நாங்களே போட்டுப் பார்ப்போம். ஆனால் அடமான நிலத்தின் மதிப்பை அவர் சொன்னபடி எழுத மாட்டோம். அதற்குத் தனி மதிப்பீட்டாளர் வேணும்.

நம்மவருக்கும் இதே அளவுகோல்தான். "எங்க மீன் அமிலம் தெளித்தால் விளைச்சல் இரட்டிப்பு" என்று விற்கிறவரே சொன்னால், இயற்கை விவசாயி என்பதற்காக நம்பிடாதீங்க. விற்கிறார் என்பதற்காகப் பொய்யென்றும் தள்ளாதீங்க. நாலு பாத்தியில் தெளிங்க, பக்கத்து நாலு பாத்தியைச் சும்மா விடுங்க. அறுவடையில் இரண்டையும் தனித்தனியா எடை போட்டுப் பாருங்க.