இரண்டு கண்ணுக்கு இரண்டு படம்!

ஒரு சின்னப் பரீட்சை. ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஊசியின் காதில் நூலைக் கோத்துப் பாருங்கள். என்ன, நூல் ஊசிக்கு முன்னாலும் பின்னாலும் போய்ப் போய் வருகிறதா? இப்போது இரண்டு கண்களையும் திறந்துகொண்டு கோத்துப் பாருங்கள். காரியம் எவ்வளவு சுலபமாகிவிட்டது!

நம் கண்கள் இரண்டும் சுமார் ஆறரை சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. ஆகவே வலக் கண் காணும் காட்சியும் இடக் கண் காணும் காட்சியும் அச்சாக ஒன்றல்ல; கொஞ்சம் வித்தியாசம் உண்டு. மூளை அந்த வித்தியாசத்தைக் கணக்குப் பார்த்து, இது பக்கம், அது தூரம் என்று சொல்லிவிடுகிறது. சாதாரண போட்டோவில் இந்த வித்தை நடப்பதில்லை. காமிராவுக்கு ஒரு கண்தானே?

இரண்டு கண்ணுக்கும் தனித்தனியே ஒவ்வொரு படம் கொடுத்தால் என்ன ஆகும்? இங்கிலாந்தின் விஞ்ஞானி சார்லஸ் வீட்ஸ்டன் 1838-ல் இதைச் செய்து காட்டினார். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது அதற்கு அடுத்த வருஷம்தான். ஆகையால் அவர் கையால் வரைந்த கோட்டுப் படங்களையே உபயோகித்தார். இரண்டு கண்ணாடிகளின் வழியாகப் பார்த்தபோது, காகிதத்துக் கோடுகள் கனமுள்ள பொருளாக எழுந்து நின்றன! 1851-ல் லண்டனில் நடந்த மகா கண்காட்சியில், டேவிட் ப்ரூஸ்டர் என்பவர் அமைத்த லென்ஸ் பெட்டியை விக்டோரியா ராணி பார்த்து மகிழ்ந்தாராம். அப்புறம் கேட்க வேண்டுமா? வீட்டுக்கு வீடு ஸ்டீரியாஸ்கோப் வந்துவிட்டது.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், திருச்சி, தஞ்சை வட்டாரங்களை இரட்டைப் படங்களாக எடுத்தார். அவை 1858-ல் தொகுப்பாக வெளிவந்தன.

இந்தப் பொழுதுபோக்கு ஒருவரைப் பிடித்தால் எப்படிப் பிடிக்கும் என்பதற்கு ப்ரையன் மே ஓர் உதாரணம். 'குவீன்' இசைக் குழுவின் கிடார் கலைஞர் அவர். சிறு பையனாக இருந்தபோது, காலைப் பலகாரமான கோதுமை பிஸ்கட் டப்பாவில் இனாமாக ஓர் இரட்டைப் பட அட்டை கிடைத்தது. அன்று பிடித்த பைத்தியம் இன்றுவரை விடவில்லை!

1850-களில் டி. ஆர். வில்லியம்ஸ் என்பவர் ஓர் ஆங்கிலக் கிராமத்தைப் படம் எடுத்து, 'எங்கள் கிராமத்துக் காட்சிகள்' என்று அட்டைகளாக வெளியிட்டிருந்தார். வயலில் வேலை செய்கிறவர்கள், வாசலில் உட்கார்ந்திருக்கும் கிழவி, மாதா கோயில் எல்லாம் அதில் இருந்தன. ஊரின் பெயர் மட்டும் இல்லை! மே பல வருஷங்கள் அந்த ஊரைத் தேடினார். கடைசியில், 2003-ல் மாதா கோயில் படத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து விசாரித்தபோது விடை கிடைத்தது. ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் உள்ள ஹின்டன் வால்ட்ரிஸ்ட் என்ற சிற்றூர் அது. எலேனா விடால் என்ற பெண்மணியுடன் சேர்ந்து 2009-ல் அதைப் பற்றி ஒரு புத்தகமும் வெளியிட்டார்.

"இதற்கெல்லாம் தனிக் காமிரா வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். கையில் இருக்கும் செல்போனே போதும். வலது காலை லேசாகத் தளர்த்தி, இடது காலில் பாரத்தைப் போட்டு நின்று ஒரு படம். பிறகு பாரத்தை வலது காலுக்கு மாற்றி இன்னொரு படம். உடம்பு தானாக ஆறேழு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். போனைச் சாய்க்கவோ திருப்பவோ கூடாது. நேர்கோட்டில் நகர வேண்டும், அவ்வளவுதான்.

எவ்வளவு நகர்வது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மிக அருகில் உள்ள பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அதில் முப்பதில் ஒரு பங்கு. இரண்டு மீட்டர் என்றால் ஆறரை சென்டிமீட்டர். ஒரு சாண் சொச்சத்தில், அதாவது 30 சென்டிமீட்டரில், ஒரு செம்பருத்திப் பூ இருந்தால் ஒரு சென்டிமீட்டர் போதும்.

முக்கியமான நிபந்தனை: இரண்டு படங்களுக்கு நடுவே எதுவும் அசையக் கூடாது. ஓடுகிற குழந்தையும் கொடியில் ஆடுகிற புடவையும் ஆகாது. கோலத்தை நேர் மேலே நின்று எடுத்துப் பயனில்லை. அது தரையோடு தரை. நவராத்திரிக் கொலு இருக்கிறதே, அதுதான் சரியான விஷயம்! படிப்படியாகப் பின்னால் போகிற வரிசை. பொம்மைகளைப் போலப் பொறுமைசாலிகள் யார்?

படங்களை ஒவ்வொன்றும் ஆறு சென்டிமீட்டர் அகலத்தில் அச்சிட்டு, இடது படம் இடப் பக்கமும் வலது படம் வலப் பக்கமுமாக ஒட்டுங்கள். மாற்றி ஒட்டினால் பின்னால் இருப்பது முன்னால் வந்துவிடும்! நடுவில் ஓர் அட்டையைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் விளிம்பில் மூக்கை வைத்து, எங்கோ தூரத்தைப் பார்ப்பதுபோலப் பாருங்கள். இரண்டு படமும் மெல்ல நகர்ந்து ஒன்றாகும். லென்ஸ் பொருத்திய அட்டைப் பெட்டி இருந்தால் இன்னும் சௌகரியம்.

வீட்டில் யாராவது எவ்வளவு முயன்றும் தட்டையாகத்தான் தெரிகிறது என்றால் கேலி செய்யாதீர்கள். பழக்கம் இல்லாததாலும் இருக்கலாம். ஆனால் லென்ஸ் பெட்டியிலும் ஒரு குழந்தைக்கு ஆழம் தெரியவில்லையென்றால், கண் மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது. மாறுகண், ஒரு கண்ணில் பார்வை மந்தம் போன்ற குறைகளைச் சிறு வயதில் கவனித்தால் பலன் அதிகம்.

சூஸன் பாரி என்ற அமெரிக்க நரம்பியல் பேராசிரியைக்குச் சிசுப் பருவத்திலிருந்தே மாறுகண். 48 வயதில் கண் பயிற்சி எடுத்துக்கொண்ட பிறகுதான் முதல் முறையாக ஆழத்தைக் கண்டார். காரில் உட்கார்ந்தபோது, ஸ்டீயரிங் சக்கரம் தனியாக முன்னால் வந்து நின்றதாம்! அவருடைய கதையை 2006-ல் உலகறியச் செய்த டாக்டர் ஆலிவர் ஸாக்ஸ், பிள்ளைப் பிராயம் முதல் இரட்டைப் படங்களில் மோகம் கொண்டவர். விதியைப் பாருங்கள்: 2005-ன் இறுதியில் அவர் வலக் கண்ணில் புற்றுநோய் கண்டது. பின்னர் அந்தக் கண்ணின் பார்வை போய், ஆழமும் அவரை விட்டுப் போயிற்று. ஊசியில் நூல் கோக்கிற இந்தச் சாதாரணப் பாக்கியத்தின் அருமை, அந்த இருவருக்கும் தெரிந்திருக்கும்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பியுங்கள். பாட்டியின் சமையலறை, இடிக்கப் போகிற பழைய வீட்டின் முற்றம், அடுத்த கொலு என்று எடுத்து வையுங்கள். அட்டையின் பின்னால் தேதி, ஊர், இருப்பவர்களின் பெயர் எல்லாவற்றையும் மறக்காமல் எழுதுங்கள். வில்லியம்ஸ் ஒரே ஒரு பெயரை எழுதியிருந்தால், பின்னால் வந்தவர் ஊரைத் தேடி அத்தனை வருஷம் அலைந்திருக்க வேண்டாம் அல்லவா?