செவ்வாயின் முதுகுக்குப் பின்னால் மங்கள்யான்

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் தீவு ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் நாளில் அந்தப் பக்கம் படகு போகக் கூடாது. குப்பங்களில் பலருக்கு அன்றைய பிழைப்பு போனதுதான். 2013 நவம்பர் 5 பிற்பகல் 2.38க்கு செவ்வாயைச் சுற்ற இந்தியா அனுப்பிய மங்கள்யானும் இங்கிருந்தே கிளம்பியது. அடுத்த செப்டம்பர் 24இல் செவ்வாயைச் சேர்ந்தது.

சேர்ந்த கையோடு ஒரு வம்பு. அக்டோபர் 19 நள்ளிரவை ஒட்டி, சைடிங் ஸ்பிரிங் என்ற வால்வெள்ளி செவ்வாயை 1,40,000 கி.மீ. நெருக்கத்தில் கடக்கவிருந்தது. அதன் தூசி வரும் வேகம் விநாடிக்கு 56 கி.மீ. அரை மில்லிமீட்டர் துகளே கலத்தைக் கெடுத்துவிடும். தூசி வரும் நேரத்தில் செவ்வாய்க்கு மறுபுறம் ஒளிந்துகொள்வதே வழி. ஆனால் ஒளிய வேண்டுமானால், கலம் இப்போது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமே! எந்தத் தொலைநோக்கிக்கும் அது தென்படாது.

இருந்தது ரேடியோ மட்டும். பெங்களூரு அருகே பையலாலுவில் உள்ள 32 மீட்டர் ஆன்டெனா ஒரு சிக்னலை அனுப்பும். கலம் அதை வாங்கித் திருப்பி அனுப்பும். அப்போது ஒரு வழிக்கே 12 நிமிடத்துக்கு மேல். போய்வந்த நேரம் தூரத்தைச் சொல்லும். அதிர்வெண் மாற்றம் வேகத்தைச் சொல்லும்: கலம் விநாடிக்கு ஒரே ஒரு மீட்டர் கூடுதலாக விலகினாலும், ஒரு விநாடியில் திரும்பி வரும் சுமார் 220 கோடி அதிர்வுகளில் 15 குறையும். அந்தப் பதினைந்தை எண்ணிவிட முடிகிறது என்பதுதான் எனக்கு ராக்கெட்டைவிடப் பெரிய வியப்பு.

இவை நம் பார்வைக் கோட்டில் நடப்பதை மட்டுமே காட்டும். பக்கவாட்டு நகர்வு பிடிபடாது. அதற்கு, ஒன்றுக்கொன்று வெகு தொலைவிலுள்ள இரு ஆன்டெனாக்கள் முதலில் கலத்தையும் பிறகு வானில் இடம் துல்லியமாகத் தெரிந்த, குவாசர் என்ற தொலைதூர ரேடியோ மூலம் ஒன்றையும் கேட்கும். கலங்கரை விளக்கத்தை வைத்துப் படகுக்காரர் தன் இடத்தைக் கணிப்பதுபோலத்தான். நாசாவின் ஆன்டெனாக்கள் இதில் கைகொடுத்தன.

பாதை தெரிந்ததால் எரிபொருள் செலவு குறைந்தது. அக்டோபர் 7இல் 1.9 கிலோ எரித்ததே போதுமாயிற்று. சுற்றும் காலம் சற்றுக் குறைந்து, அந்தச் சிறு வித்தியாசம் சுற்றுக்குச் சுற்று சேர்ந்து, வேண்டிய நேரத்தில் கலத்தை மறைவில் நிறுத்தியது.

வால்வெள்ளியில் ரேடியோ கிடையாது; அதன் இடத்தைப் பார்த்துத்தான் கணிக்க வேண்டும். அதே அக்டோபர் 7இல், செவ்வாயைச் சுற்றும் நாசா கலத்தின் கேமரா அதைப் படமெடுத்தபோது, கணித்த இடத்திலிருந்து சற்று விலகியிருந்தது. ஆனாலும் தூசி கடந்து போனதில் மங்கள்யானுக்கு எதுவும் ஆகவில்லை. ஆறு மாதத்துக்கென்று அனுப்பிய அந்தக் கலம் 2022 ஏப்ரல் வரை பேசிக்கொண்டிருந்தது.